சர்வருக்கு ஒரு நாள் லீவு

கார்டன் ரீச்சில் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள நியூ டவுனிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வருவார். கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருப்பார். எந்தப் பெட்டியைத் திறக்கும் முன்பும், காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன்மேல் உள்ளங்கையை வைப்பார்.

விஸ்வகர்மா பூஜையன்று இயந்திரங்களுக்கு ஓய்வு கொடுப்பது இந்த வங்காள ஊரின் வழக்கம். பல வருடங்களாக அணைக்கவே அணைக்காத பழைய சர்வரையும் ஒருமுறை அணைத்து, சாமந்தி மாலை போட்டுவிட்டோம். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் ஒரு உறுமல் உறுமிவிட்டு நின்றுபோனது. எல்லோருடைய பென்ஷன் விவரமும் அதில்தான் இருந்தது.

அவர் வந்து, உள்ளே ஃபேனில் சிக்கியிருந்த பூவிதழ்களைப் பொறுமையாக எடுத்தார்.

"யாரு சார் இத ஆஃப் பண்ணது?"

"பூஜைக்கு லீவு விட்டோம்மா," என்றேன்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"விடுங்க சார், அதுக்கும் வயசாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு லீவு விடுங்க."

சாயங்காலத்துக்குள் சர்வரை ஓடவைத்துவிட்டார்.

அடுத்த பூஜைக்கு முதல் நாள், கூப்பிடாமலே வந்தார். எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட்டுத் தன் கையாலேயே சர்வரை அணைத்தார். காற்று போக வழிவிட்டு ஒரு பூவும் வைத்தார். கிளம்பும்போது மறுபடி உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். அணைந்து ஆறிப்போன பெட்டியில் என்ன பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.

பூஜைக்கு மறுநாள் சுவிட்சைப் போட்டதுமே அது எழுந்துகொண்டது.