நகத்தில் பாதி உளுவை

வளைகுடா நாட்டில், முசஃபாவில் இருக்கும் எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு மீன்தொட்டிக் கற்கள் வந்து குவியும். ஓட்டல் தொட்டிகளில் பாசி பிடித்த பவளக் கற்களை எடுத்துவந்து பிளீச்சில் ஊறப்போடுவது என் டியூட்டி. அதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் உப்புத்தண்ணீர் வாளியில் உலுக்க வேண்டும். பொந்துக்குள் ஒளிந்திருக்கும் நண்டு, புழு எல்லாம் உதிரும். உதிர்ந்ததைச் சாக்கடையில் கொட்டிவிடுவோம்.

அன்று உலுக்கிய கல்லிலிருந்து ஒரு மீன் விழுந்து, வாளிச் சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி உடம்பு. உள்ளே முதுகெலும்பு தெரிந்தது, அதன்மேல் வரிசையாகச் செம்புள்ளிகள். கண்கள் இரண்டும் தலை உச்சியில். முதுகில் தனித்தனியாக இரண்டு துடுப்பு. வயிற்றுத் துடுப்புகள் மட்டும் ஒன்றுசேர்ந்து குட்டிக் கிண்ணம்போல் சுவரைப் பற்றியிருந்தன. கிண்ணத்தைப் பார்த்ததும் உளுவை என்று தெரிந்துவிட்டது. உளுவை என்றால் விரல் நீளமாவது இருக்க வேண்டுமே, அதனால் இது குஞ்சு என்று முடிவுகட்டினேன். பெரிய அறிவாளி நான்!

"குஞ்சுதானே ஐசே, ஊத்திவிடும்" என்றார் என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு எல்லாரும் 'ஐசே'தான்.

கல்லை எடுக்க வாளிக்குள் கை விட்டேன். மீன் ஓடவில்லை. நேராக வந்து என் கட்டைவிரலை முட்டியது. மறுபடியும் முட்டியது. என் நகத்தில் பாதிகூட இல்லை அது! முதலில் சிரிப்பு வந்தது, பிறகு இது எதையோ காக்கிறது என்று தோன்றியது.

கல்லைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்தோம். அடியில் கடுகைவிடச் சிறிய முட்டைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கரிய கண்கள். மீன் அவற்றின் மேல் போய் நின்று துடுப்பால் விசிறியது.

அவர் போனில் தேடிப் பார்த்தார். "ஆண்தான் முட்டையைக் காக்குமாம் ஐசே. இது குஞ்சில்லை, தேப்பன்."

வளர்ந்து முடிந்ததே இவ்வளவுதான். இந்த உடம்புக்குள் அவ்வளவு துணிச்சலை எங்கே வைத்திருக்கிறதோ! பிளீச் தொட்டியோ ஒரு கை தூரத்தில் இருந்தது.

எல்லாக் கல்லையும் போட்டாச்சா, ஜல்தி, ஜல்தி என்று வாசலில் ஃபோர்மேன் கத்தினார். ஊத்திவிடச் சொன்ன அதே மனிதர் வாளியை மறைத்து நின்றுகொண்டார். "பாய், ஏக் பத்தர் கலாஸ்!" ஒரு கல் உடைந்துபோனதாகப் பச்சைப் பொய்.

ஃபோர்மேன் திட்டிக்கொண்டே போனார். இவர் ஏர் பம்ப்பின் குழாயை வாளிக்குள் விட்டார்.

"குஞ்சு பொரிக்குமட்டும் இந்த வாளியை ஒருத்தரும் தொடப்படாது ஐசே. நீரும் தொடப்படாது."