மூன்றாவது விரல்

அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக் காது கேளாதோர் சங்கத்தில் சனிக்கிழமைச் சீட்டாட்டம். நடுவில் பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' வந்தது. லவீனா க்ரெப்ஸ் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சைகையில் சொன்னாள்: "வில்ஃபர்டுக்கு இதுன்னா உயிரு. தட்டை வழிச்சு நக்கிட்டுத்தான் எழுந்திருப்பாரு."

எதிரே இருந்த பள்ளித் தோழி நெட்டியின் கண்கள் விரிந்தன. "அடியே, வெர்னன் எப்போடி உன் வீட்டுக்கு வந்து தட்டை நக்கினான்?"

"வெர்னனா? நான் என் வீட்டுக்காரரைச் சொல்றேன்!"

"உன் கை அப்படிச் சொல்லலையே."

லவீனா தன் வலது கையைப் பார்த்தாள். மோதிர விரல் மடங்கி நின்றது. மற்ற கையால் இழுத்தபோது 'டக்'கென்று நிமிர்ந்தது. அந்தத் துடிப்பு முழங்கை வரை போனது.

மறைந்து இரண்டு வருடமான வில்ஃபர்டின் சைகைப் பெயரும், மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்த வெர்னனின் சைகைப் பெயரும் ஒரே பள்ளி விடுதியில் பிறந்தவை. இரண்டு பையன்களுக்கும் கன்னத்தில் குழி. வில்ஃபர்டின் ஆங்கில முதல் எழுத்தான W-வுக்கு மூன்று விரலை நீட்டிக் கன்னத்தில் இரண்டு தட்டு; வெர்னனின் V-க்கு இரண்டு விரல், அதே இடம், அதே தட்டு. ஒரு விரல்தான் வித்தியாசம். பதினெட்டு வயதில், விடுதிப் படிக்கட்டில் வைத்து நெட்டி கேட்டாள்: "ரெண்டு பேருமே சுத்துறானுங்க. யாருடி?" லவீனா வெட்கத்தோடு கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். மூன்று விரல்.

அதற்குப் பிறகு நாற்பத்தாறு வருடம் அந்தப் பெயரைச் சொன்ன கை இது. முப்பத்தொரு வருடம் ரப்பர் தொழிற்சாலையில், வரிசையாக வரும் பீங்கான் அச்சுக் கைகளிலிருந்து கையுறைகளை உரித்தெடுத்த கையும் இதுதான். அந்தப் பீங்கான் விரல்கள் ஒருநாளும் மடங்கியதில்லை.

அடுத்த மாதம் சங்கத்தின் சுவரில் வில்ஃபர்டின் படத்தை மாட்டப்போகிறார்கள். பந்துருட்டும் அணிக்குப் பதினோரு வருடம் தலைவராக இருந்தவர். எல்லாருக்கும் முன்னால் அவர் பெயரை லவீனாதான் சொல்ல வேண்டும்.

"இடது கையால சொல்லிட்டுப் போயேன்," என்றாள் நெட்டி.

"அவரு பேரா இருக்கும். நான் சொன்னதா இருக்காது."

மருத்துவர் இளைஞர். மொழிபெயர்க்க வந்த பெண் அவர் பேச்சைக் கையில் வாங்கிக் கொடுத்தாள்: "இதை ட்ரிகர் ஃபிங்கர்னு சொல்லுவாங்கம்மா. விரலை இழுக்கிற நாண்ல தடிப்பு விழுந்திருக்கு. முடிச்சு விழுந்த நூல் ஊசிக்காதுல சிக்குற மாதிரி, அது உறைக்குள்ள சிக்குது. ஸ்டீராய்டு ஊசி போட்டா வீக்கம் வத்தும்."

"எப்போ சரியாகும்?"

"சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு மூணு நாலு வாரம். கேக்கலைன்னா இன்னொரு ஊசி, இல்லைன்னா சின்ன ஆபரேஷன்."

அவர் வலது கையைப் பிடித்து, விரலின் அடியில் உள்ளங்கையில் ஊசியை இறக்கினார். லவீனாவுக்கு வலியில் உயிர் போனது. கத்த வேண்டிய கை அவர் பிடியில் இருந்தது. விட்டதும் அந்தக் கையாலேயே அவள் சொன்னதைப் பார்த்து மொழிபெயர்ப்புப் பெண் திகைத்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் மருத்துவர்.

"நன்றி சொல்றாங்க, டாக்டர்."

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. காலையில் எழுந்ததும் வெந்நீரில் கையை வைத்து எடுத்து, சமையலறை ஜன்னல் கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிப் பார்ப்பாள். வெர்னன். மறுபடியும் வெர்னன். பதினாறாம் நாள் காபி ஆறும் முன்பே விரல் சத்தமில்லாமல் நிமிர்ந்தது. அன்று முழுக்க வில்ஃபர்டைப் பற்றிப் பூனையிடம் பேசினாள்.

படம் மாட்டும் நாளில் விளக்குகளை அணைத்து அணைத்துப் போட்டுக் கூட்டத்தைத் திருப்பினார்கள். லவீனா மேடையேறிக் கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். மூன்று விரல், இரண்டு தட்டு. கூடம் முழுக்கக் கைதட்டலுக்குப் பதிலாகக் கைகள் மேலே எழுந்து அசைந்தன. முன்வரிசையில் நெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பீச் பை வைத்த மேசையருகே வெர்னன் வந்தான். கன்னக்குழி இப்போது சுருக்கங்களில் ஒன்றாகிவிட்டிருந்தது. "விரல் சரியாயிடுச்சு போல."

"ஆயிடுச்சு. என்ன, மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்கே?"

"ஒண்ணுமில்ல. நாலு சனிக்கிழமையா உன் கையில என் பேரு வந்துட்டிருந்துச்சு. தப்பாத்தான். ஆனாலும் தூரத்துல இருந்து பார்த்துட்டிருந்தேன்."

லவீனா பீச் பையில் பெரிய துண்டாக ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். பிறகு நெட்டியை நோக்கி மேசையைத் தட்டிக் கூப்பிட்டாள். நெட்டி திரும்பியதும், மோதிர விரலைத் தானே மடக்கிக் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

"வெர்னனுக்குக் கொஞ்சம் காபி கொண்டா. இந்தத் தடவை கை சரியாத்தான் சொல்லுது."