நம்ம மாடு கடைசியில

எங்காவது ‘இலவச முகாம்’ என்று பேனர் கட்டியிருப்பதைப் பார்த்தால் இப்போதும் எனக்கு முதலில் வருவது கொட்டாவிதான். வந்து போகிறவர்களுக்கு முகாம் மூன்று நாள். சோறு வடித்துப் போட்ட வீட்டுக்கு அது லேசில் முடிவதில்லை.

அப்பா முசரவாக்கத்தில் ஒரு சின்னச் சபைக்குப் பாஸ்டர். சபை என்றால் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு ஹால், அதற்குப் பின்னால் எங்கள் வீடு, அதற்கும் பின்னால் செவலைப் பசு. காணிக்கைத் தட்டு இளைத்துப்போன மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது செவலையின் பால்தான். நான் ஐந்தாவது படித்த வருஷம், வெளிநாட்டிலிருந்து ஏழு பேர் ஆடு மாடுகளுக்கு இலவச வைத்தியம் பார்க்க ஊழியமாக வந்தார்கள். இரண்டு பேர் டாக்டர்கள், அதில் ஒருவர் பெண். மற்ற ஐந்து பேர் ஆட்டைப் பிடிக்கவும் பாட்டுப் பாடவும் செல்போனில் படம் எடுக்கவும். எல்லோரும் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். மிளகாய் ஆகாது என்று சொல்லிவிட்டதால் அவர்களுக்கு ஒரு சமையல், உதவிக்கு வந்த சபையாருக்கு ஒரு சமையல். இரண்டுக்கும் அம்மா ஒருத்திதான்.

அவர்கள் வந்திறங்கிய அன்று காலையில் செவலைக்கு மடி வீங்கியிருந்தது. பின்காம்பு ஒன்றில் பால் திரிதிரியாக வந்தது. கை வைத்தால் உதைத்தது. வீட்டிலேயே இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்களே, நமக்கென்ன கவலை என்று நான் நினைத்தேன். அப்பா வேறு மாதிரி நினைத்தார்.

“நம்ம மாட்ட மொதல்ல காட்டினா, தன் வூட்டு மாட்டுக்குத்தான் வெள்ளக்காரன இட்டாந்தான்னு ஊரு சொல்லும். நம்ம மாடு கடைசியில.”

அப்படியானால் கவர்மென்ட் மாட்டாஸ்பத்திரிக்காவது ஓட்டிப் போகிறேன் என்றாள் அம்மா. அதுவும் கூடாதாம், வந்தவர்களுக்கு அவமானமாம். ஆக, டாக்டர்கள் வீட்டில் இருந்த ஒரே காரணத்தால் எங்கள் மாட்டுக்கு டாக்டர் இல்லாமல் போனது. அம்மா சோற்றுக்கற்றாழையோடு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்து மடியில் தடவினாள். கையைக் கழுவிக்கொண்டு இட்லி ஊற்றப் போனாள்.

ஊரே மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது. ஊசி போட்டு முடித்ததும் மாட்டின் பெயரைக் கேட்டு, நெற்றியில் கை வைத்து ஜெபம் செய்வார்கள். அப்பா அதைத் தமிழில் சொல்வார். ஒரு பசுவின் பெயர் காமாட்சி. இயேசுவின் நாமத்தினாலே காமாட்சிக்குச் சுகம் கொடும் என்று அப்பா கணீரென்று சொன்னார். மாட்டுக்காரர் பயபக்தியோடு ஆமென் சொல்லிவிட்டு, பூச்சி மருந்து இன்னொரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பல வருஷமாக அவரைக் கண்டும் காணாமல் போன ஊர் அது.

இரண்டாம் நாள் அந்தப் பெண் டாக்டர் கை கழுவப் பின்கட்டுக்கு வந்தார். பத்தடியில் செவலை காலை அகட்டிக்கொண்டு நின்றது. எனக்கு இங்கிலீஷில் ‘கவ்’ தெரியும், ‘சிக்’ தெரியும். சொல்லட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன்.

“சும்மா இரு. அப்பா சொன்னாருல்ல” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. டாக்டர் சாப்பாடு பிரமாதம் என்று கையால் காட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் மதியம் கடைசி ஆட்டுக்கும் ஊசி போட்டாயிற்று. மிச்சம் செவலை ஒன்றுதான். அதற்குள் மருந்துப் பெட்டிகள் வேனில் ஏறிவிட்டன. ராத்திரி விமானம், அதற்கு முன் காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை வாங்க வேண்டும். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வந்தவர்களின் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி என்ன என்று கேட்டார். “நத்திங், நத்திங்” என்று சிரித்துவிட்டு, விலை பேசிக் கொடுக்க அப்பாவும் வேனில் ஏறிக்கொண்டார். இன்றைக்கும் அந்த ‘நத்திங்’ஐ நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் செவலையை மெதுவாக நடத்தி மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மடியை அமுக்கிப் பார்த்தார்.

“மூணு நாளா என்னம்மா பண்ணிக்கினு இருந்த? இந்தக் காம்பு போச்சு. இனிமே மூணு காம்புதான்.”

“வூட்டுக்குச் சொந்தக்காரங்க வந்துட்டாங்க சார்” என்றாள் அம்மா.

சொந்தக்காரர்கள் இல்லை, மாட்டு டாக்டர்கள் என்று நான் சொல்லப்போனேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். பாஸ்டர் வீட்டில் இப்படிப் பொய் சொல்லலாமா என்று எனக்குக் கோபம். திரும்பி வரும்போது வழியெல்லாம் அவளோடு பேசவில்லை.

அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தது. அம்மா மாட்டு டாக்டரிடம், வீட்டுக்கு வந்தவர்கள் யாரென்று சொல்லாமல் சொந்தக்காரர்கள் என்று பொய் சொல்லிவிட்டாள், அவளை மன்னியும் ஆண்டவரே என்று உரக்க வேண்டினேன். ஆமென் என்று யாரும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தேன். அம்மா சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அப்பா தலை கவிழ்ந்தபடி முழங்காலிலேயே இருந்தார், எழுந்திருக்கவில்லை. முகாமில் அலைந்த களைப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.