பந்தியில் இருந்த கரடி

மாமாங்கத்தால் ஓரிடத்தில் இருக்க முடியாது. ரொறன்ரோவில் பார்லிமென்ட் வீதிச் சாப்பாட்டுக் கடையில் விடியற்காலையிலிருந்து நின்றபடியே றோல்ஸ் சுருட்டுவான். ஓய்வு நேரத்தில் யாராவது கதிரையைக் காட்டினால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாவது மாடி வீட்டுக்கு வந்தாலும் குசினிக்கும் பல்கனிக்கும் இடையில் நடைதான். "இவனுக்குக் கால்ல சில்லுப் பூட்டியிரிக்கு" என்பாள் அக்கா நாகமணி. கீழ்வீட்டுக்காரி ஒருநாள் அந்த நடைச் சத்தத்துக்கு மேலே வந்து, உங்கள் வீட்டில் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வேலையில் மட்டும் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. நிறுக்காமல் மாவைக் கிள்ளி எடுத்தாலும் ஒரு றோல்ஸுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியாது. சாப்பாட்டுப் பெட்டி கட்டும்போது, முதலாளி சண்முகநாதன் அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னொரு கரண்டி சோறு வைத்து மூடுவான். பெட்டியை நீட்டும்போது "சாப்பிடுங்க" என்று சொல்லாமல் நீட்டமாட்டான். வயிறு நிறையாமல் ஓராள் எழும்பினால் அது பரிமாறினவனுக்குத்தான் குறை என்பது அவன் கணக்கு.

அவனுடைய கால் ஆடாமல் இருந்த இடம் ஒன்று உண்டு. மட்டக்களப்புக்கு மேற்கே படுவான்கரையில், ஆவணி வறட்சியில் குளம் வற்றி ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, அதற்கு மேலே பரண் கட்டிக் காவல் இருப்பான். பன்றி வரும், மரை வரும். வந்த மிருகத்தைக் குடிக்க முதல் யாரும் சுடுவதில்லை. அது குடித்து முடித்து முகத்தைத் திருப்பும்போதுதான் வெடி. அந்தப் பக்கத்து வேட்டைக்காரர் எல்லாருக்கும் பொதுவான வழக்கம் அது. பிறகு, துவக்கு வைத்திருந்தவனை எல்லாப் பக்கமும் தேடுகிற காலம் வந்தது. துவக்கைக் கிணற்றில் போட்டுவிட்டுப் புறப்பட்டவன் தொண்ணூற்றொன்றில் ரொறன்ரோவில் வந்து நின்றான். நின்றவன் இன்னும் இருக்கவில்லை.

கடைக்கு மா மூட்டை கொண்டுவருகிறவர் அலெக்ஸாண்டர். மன்னார் ஆள், கனடாவுக்கு முந்தி வந்தவர். மூட்டையை இறக்கிவிட்டுப் பொரித்துக் கழித்த எண்ணெயை வாளியில் வாங்கிக்கொண்டு போவார்.

"அண்ணை, இந்த எண்ணெய எதுக்குக் கொண்டு போறீங்க?" என்று ஒருநாள் மாமாங்கம் கேட்டான்.

"கரடிக்கு."

"கரடி பொரிக்குமா?"

"கரடி குடிக்கும். நான் சுடுவன்."

வடக்கே, பரி சவுண்டுக்கும் அப்பால், ஒரு பின்லாந்துக்காரருடைய காணியில் பீப்பா ஒன்றை மரத்தோடு சங்கிலியால் கட்டி வைத்திருப்பதாக அலெக்ஸாண்டர் சொன்னார். பனி கரைந்ததும் அதற்குள் பழைய பாண், டோனட், எண்ணெய் எல்லாம் போட்டுக் கிழமைக் கணக்காகக் கரடியைப் பழக்குவார். அது பயமில்லாமல் வரத் தொடங்கியபின் எதிரே பரணில் ஏறி இருப்பார்.

"உது வேட்டையில்லை, வெத்திலை வைச்சுக் கூப்பிட்டுக் கழுத்தை அறுக்கிறது" என்றார் கல்லாவில் இருந்த சண்முகநாதன்.

"உங்களுக்கென்ன தெரியும், முதலாளி? காட்டுக்குள்ள திரிஞ்சு சுடுறவன் அசையிறதைத்தான் சுடுறான். அது காயத்தோட ஓடி எங்கயோ கிடந்து நாறும். இதில அது முன்னுக்கு வந்து நிக்கும். குட்டி பின்னால வருதோ எண்டு ஆறுதலாப் பாக்கலாம். தாயெண்டால் விட்டிடலாம். ஒரு வெடி, அந்த இடத்திலயே சரி. எது நியாயம், சொல்லுங்கோ."

சண்முகநாதன் சில்லறை எண்ணினார். மாமாங்கம் றோல்ஸ் சுருட்டுவதை நிறுத்தியிருந்தான்.

"பரணில எவ்வளவு நேரம் இரிக்கணும், அண்ணை?"

"இருட்டுமட்டும். ஏன், உன்னால இருக்கேலுமோ?"

அதுதான் அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. துவக்கு லைசன்ஸுக்கான வகுப்புக்குப் போனான். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளில் முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் ஒரு கேள்விகூடப் பிழைக்காமல் சித்தியடைந்தான். அந்த வகுப்பில் அப்படிச் செய்தவன் அவன் ஒருவன்தான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு வசந்தத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அலெக்ஸாண்டரின் மா ஏற்றும் வான் வண்டியில் இரண்டு பெரிய வாளிகளோடு போனான். றோல்ஸ் ஓரங்கள், உடைந்த வடை, காய்ந்த பாண், மேலே எண்ணெய். பீப்பாவுக்குள் கொட்டிக் கையைத் துடைத்ததும், வாய் தன் பாட்டில் "சாப்பிடுங்க" என்றது.

அலெக்ஸாண்டர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தண்ணி ஒரு கிளாசும் வையன். விக்கினாலும் விக்கும்."

சுடுவதற்கு என்று போன முதல் மாலை, அவன் பரணில் ஏறி அமர்ந்தான். அலெக்ஸாண்டர் அப்பால் ஓடைப் பக்கம் வேறொரு பரணில் இருந்தார். கறுப்பு ஈ காதுக்குள்ளும் கழுத்துக்குள்ளும் புகுந்தது. வலது கால் ஆடத் தொடங்கி, பரண் கிறீச்சிட்டது. கையால் அமத்தினான். கையும் சேர்ந்து ஆடியது. ஆறு வருடம் இருக்காத கால், ஒரு மாலையில் இருக்குமா என்று தன்னையே திட்டிக்கொண்டான். இறங்கிப் போய் வானில் நிற்கலாம் என்று எழும்பப் போன நேரம், கரடி வந்தது.

சத்தமில்லாமல் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு எங்கேயிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. குட்டி இருக்கிறதா என்று பின்னால் பார்த்தான், இல்லை. கரடி முன்கால்களைப் பீப்பாவில் ஊன்றித் தலையை விட்டு, வடையை ஒவ்வொன்றாக எடுத்தது. விலா முழுவதும் அவனுக்கு நேரே இருந்தது. கால் நின்றுவிட்டதை அப்போதுதான் கவனித்தான். மூச்சும் சீராக வந்தது. குளத்து மூலையில் இருந்த அதே இருப்பு.

முடிக்கட்டும் என்று இருந்தான். கரடி முடிக்கவில்லை. வெளிச்சம் குறைந்தது. சூரியன் போய் அரை மணி நேரத்துக்குப்பின் துவக்கில் குண்டு இருக்கக்கூடாது என்பது சட்டம். குண்டைக் கழற்றினான். கரடி எண்ணெயை நக்கி முடித்து இருட்டுக்குள் போனபிறகு இறங்கினான்.

"என்ன, துவக்கு வேலை செய்யேல்லையோ?" என்றார் அலெக்ஸாண்டர்.

"சாப்பிட்டுக்கொண்டு இரிந்திச்சு."

"அதுக்கு?"

"முடிக்கட்டும், மறுகா சுடுவம் எண்டு பாத்தன்."

"டேய் தம்பி, உன்ர மறுகாவுக்குள்ள சீசன் முடிஞ்சிடும். ரெண்டு வாளி வைச்சால் அது எப்ப முடிக்கிறது? நீ சுட வந்தனியோ, பரிமாற வந்தனியோ?"

"பந்தியில இரிக்கிறவன எழுப்பேலாது, அண்ணை."

"எழுப்பச் சொல்லேல்லை. சுடச் சொன்னனான்."

அடுத்த நாள்தான் அந்த வருடத்தில் அவர்களுக்குக் கடைசி நாள். பகல் முழுவதும் மாமாங்கம் வானைச் சுற்றி நடந்தான். குடிக்க முதல் சுடக்கூடாது, சரி. ஆனால் குளத்துத் தண்ணீரை ஊற்றினது அவன் இல்லையே. இங்கே ஊற்றுகிறவன் அவன்தான். அப்படியென்றால் எவ்வளவு என்பதும் அவன் கையில்தான். இந்த யோசனை வந்ததும், அன்றைக்கென்று கொண்டுவந்திருந்த இரண்டு வாளியில் ஒன்றில் பாதியை மட்டும் பீப்பாவுக்குள் கொட்டினான். மற்ற வாளியை மூடி திறக்காமல் வானுக்குள் வைத்தான். "சாப்பிடுங்க" வாய்க்கு வரவில்லை.

கரடி வெளிச்சத்தோடேயே வந்தது. கால் நிற்கவில்லை. துவக்கை முழங்காலில் வைத்து அமத்தியும் நிற்கவில்லை. கரடி இருந்ததை முடித்தது. தலையை உள்ளே விட்டு அடியை நக்கியது. பீப்பாவைச் சாய்த்தது, உருட்டியது, சங்கிலியை இழுத்தது. பிறகு பின்புறத்தை ஊன்றி இருந்து மூக்கைத் தூக்கி அங்கும் இங்கும் பார்த்தது. இன்னொரு கரண்டி வருமா என்று கடையில் ஆட்கள் பார்ப்பது போலவே இருந்தது. அதற்குமேல் அவனால் பார்க்க முடியவில்லை. அது எழும்பித் திரும்பியது. சுட்டான்.

ஒரு வெடி. முன்காலுக்குச் சற்றுப் பின்னால், வகுப்பில் காட்டிய அதே இடம். கரடி இரண்டு அடி வைத்து விழுந்து பிறகு அசையவில்லை. ஓடிவந்த அலெக்ஸாண்டர் காயத்தைத் தொட்டுப் பார்த்து, "நான் இத்தனை வருசத்தில இப்பிடி ஒண்டு வைக்கேல்லை" என்றார். மாமாங்கத்துக்கும் அது தெரிந்தது. அந்தக் கைக்கு இன்னும் மறக்கவில்லை என்ற சந்தோசம் உண்மையாகவே நெஞ்சில் இருந்தது. ஆனால் பரணிலிருந்து இறங்கும்போதே கால் ஆடத் தொடங்கியிருந்தது.

வீட்டில் இறைச்சிப் பையை மேசையில் வைத்தான். நாகமணி பையைப் பார்க்கவில்லை. அவனுடைய மற்றக் கையைப் பார்த்தாள்.

"சாப்பிட்டு முடிச்சிச்சா?"

"வச்சதெல்லாம் முடிச்சிச்சு, கா."

"வச்சதெல்லாம் எண்டா, இந்த வாளி என்ன? கொண்டு போனது போலயே வந்திரிக்கு."

அவன் வாளியைக் கீழே வைத்தான். நாகமணி இறைச்சியைக் கழுவி, மிளகும் கறிச்சரக்கும் தூக்கலாகப் போட்டுச் சமைத்தாள். தானும் சாப்பிட்டாள், கீழ்வீட்டுக்கும் கொடுத்தாள். அன்றிலிருந்து அவனுடைய நடை பல்கனியோடு நிற்காமல், லிப்ட் இறங்கி, ஷேர்போர்ன் வீதிவரை போய்த் திரும்பியது.

அடுத்த வசந்தத்தில் அவன் மூன்று வாளி கொண்டுவந்ததைப் பார்த்த அலெக்ஸாண்டர் வானை எடுக்காமல் இருந்தார்.

"என்ன, பாவம் பாக்கிறியோ? அப்பிடியெண்டால் ஏன் வாறாய்?"

"சுட்டது பிழையில்ல, அண்ணை. இந்த முறையும் சுடுவன். குறைச்சு வச்சதுதான் பிழை."

"மூண்டு வாளி வைச்சால் எப்பிடியடா சுடுவாய்?"

"அது முடிச்சா சுடுவன்."

மூன்று வாளியையும் அடியோடு தட்டினான். "சாப்பிடுங்க" என்று சொன்னான். அலெக்ஸாண்டர் இம்முறை சிரிக்கவில்லை. மாலையில் வந்த கரடி போன வருடத்ததைவிடப் பெரிது. பீப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டது. மாமாங்கத்தின் கால் மரத்து வேர் போல இருந்தது. துவக்கு மடியில் ஆயத்தமாக இருந்தது. திரும்பினால் சுட்டிருப்பான். அது திரும்பவில்லை. வெளிச்சம் போனதும் குண்டைக் கழற்றி, கொப்பு முறியாமல் இறங்கினான்.

ஓடைப் பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தோடு அலெக்ஸாண்டர் வந்தார். பீப்பாவிலிருந்து சங்கிலிச் சத்தம் கேட்டதும் டோர்ச்சை அணைத்தார்.

"இன்னும் நிக்குதோ?"

"இரிக்கு. சாப்பிடுது."

"வானுக்குப் போற பாதை அதுக்குப் பக்கத்தாலயடா."

"தெரியும்."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?"

மாமாங்கம் ஒரு விழுந்த மரத்தைக் கையால் தடவிப் பார்த்து, அதில் இருந்தான்.

"இரிங்க, அண்ணை" என்றான்.