தண்ணீர் குடிக்காத பிள்ளை

முகாமைப் பற்றிப் பத்திரிகையில் வரும் எந்தப் படத்திலும் நல்லம்மாள் இருக்கமாட்டாள். பெரிய மனிதர்கள் வந்து பிள்ளைகளோடு நின்று சிரிக்கும் நேரத்தில் அவள் நடக்க முடியாத பெண்பிள்ளை ஒருத்தியைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அதுதான் அவள் வேலை. அம்பு விடவும் படம் வரையவும் சொல்லித்தர நான் முந்தி நீ முந்தி என்று வருவார்கள். இதற்கு வர ஆள் ஏது?

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், குவீன் ஸ்திரீட் சேலைக்கடையில் இருபத்திரண்டு வருடம் துணிக்கட்டுகளை ஏற்றி இறக்கி ஓய்ந்த உடம்பு. வயது ஐம்பத்தெட்டு. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் தனிக்கட்டை. ஜார்ஜ் டவுனில் உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் சங்கம் ஒன்று, பள்ளி விடுமுறையில் ஊர்ப்புறமான பாலிக் புலாவில் நான்கு நாள் முகாம் நடத்தும். ஒன்பது வருடமாக அதற்குப் போகிறாள். வருடத்தில் அவளை ஆள் விட்டுக் கூப்பிடும் ஒரே இடம் அதுதான். இந்த வருடம் இடுப்பு சொன்னபடி கேட்கவில்லை. வெளியே சொன்னால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்களே! விடியற்காலையில் இடுப்பில் வலிக்கான மருந்துப் பட்டையை ஒட்டிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளைகளோ வருடா வருடம் வளர்கிறார்கள். தாட்சாயினிக்குப் பதினோரு வயது. பிறந்ததிலிருந்து கால்களில் பலம் இல்லை, சக்கர நாற்காலிதான். போன வருடம் பூ மாதிரி இருந்தவள், இப்போது நல்ல கனம்.

இரண்டாம் நாள் மதியம் அனல் பறந்தது. பந்து உருட்டும் ஆட்டத்தில் எப்போதும் முதலாவதாக வரும் தாட்சாயினியின் கையிலிருந்து பந்து நழுவி நழுவி விழுந்தது. உதடு வெடித்திருந்தது. நல்லம்மாள் அவளுடைய பாட்டிலை எடுத்தாள். காலி. ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த பூந்தொட்டி சொதசொதவென்று நனைந்திருந்தது.

காலையிலிருந்து இவள் ஒரு தடவைகூடக் கழிவறைக்குக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை ‘நல்லதாப் போச்சு’ என்றல்லவா இருந்துவிட்டாள், பாவி! போன மாதம்தான் சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி அம்மாக்காரி இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“தண்ணிய ஏன் தாட்சா கொட்டுற? மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? சொல்லு லா.”

“குடிச்சா டாய்லெட் வரும் ஆன்ட்டி.”

“வந்தா என்ன? நான் எதுக்கு இருக்கேன்?”

“என்னைத் தூக்குறப்ப மட்டும் ‘முருகா’ன்னு மூச்சு விடுறீங்க. சின்னப் பிள்ள ஷர்மினியத் தூக்குறப்ப சொல்றதில்ல.” பிள்ளை தரையைப் பார்த்தாள். “வீட்ல அம்மாவும் அப்படித்தான். அங்கயும் நான் குடிக்க மாட்டேன்.”

அப்படி ஒரு மூச்சு விடுவது நல்லம்மாளுக்கே தெரியாது. ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. இந்தப் பிள்ளையிடம் அது செல்லாது.

“வலிக்குதுதான் தாட்சா. நீ கனம்தான். வளர்ற பிள்ள கனக்கத்தான் செய்யும், அது உன் தப்பா? இடுப்பு என்னோடது. அதுக்கு வழி நான்தான் பாக்கணும். நீ குடி.”

பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்தாள். பிள்ளை கடைசிச் சொட்டையும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு முகாம் பொறுப்பாளர் நூருல் ஹுதாவிடம் போய், இனித் தனியாகத் தூக்க முடியவில்லை என்று மலாய் மொழியில் சொன்னாள். ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஹுதா கோபப்படவில்லை. இன்னொரு பக்கம் பிடிக்கத் தானே வந்துவிட்டாள். அடுத்த வருடத்தைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை; நல்லம்மாளும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் தாட்சாயினி நாலு தடவை கூப்பிட்டாள். நாலாவது தடவை நல்லம்மாள் அப்போதுதான் அக்கடா என்று உட்கார்ந்திருந்தாள். எரிச்சல் வந்தது. மறைக்கவில்லை.

“இப்பதானே போய்ட்டு வந்தோம்!”

“நீங்கதானே குடிக்கச் சொன்னீங்க!” என்று தாட்சாயினி பதிலுக்குக் கத்தினாள்.