ஃபிளேர் வைத்த ஹேண்டில்

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கட்டிங் மாஸ்டரின் இடதுகைச் சுண்டுவிரல் கத்தியில் பட்டது. பட்டது அவருக்குத் தெரியவில்லை. அதுதான் பயம்.

மேசைமேல் நாற்பது அடுக்கு நீலத் துணி, சீருடைக்கு. வலதுகை வெட்டும் மெஷினைத் தள்ள, இடதுகை துணியை அமுக்கிப் பிடித்திருந்தது. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். இரும்புவலைக் கையுறையின் விரல் நுனியில் இரண்டு கண்ணிகள் அறுந்திருந்தன. உள்ளே விரல் முழுசாக இருந்தது. அதுவும் கழற்றிப் பார்த்துத்தான் உறுதியானது.

கையுறையை ஒளிப்பதற்குள் செக்கிங் பிரிவின் தலைவி எதிரே வந்து நின்றாள். அவருடைய மனைவி. இருபது வருடமாக அவர் வெட்டியதில் குறை கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். வீட்டிலும் அதற்கு விடுமுறை கிடையாது.

"மறுபடியும் மரத்துப் போச்சா?"

"லேசா."

"விரல் துண்டா விழுந்தாலும் லேசாத்தான் விழுந்துச்சும்பீங்க."

காரணம் இருவருக்கும் தெரியும். ஞாயிறு தவறாமல் மாஸ்டர் தன் கிராவல் பைக்கில் கல்குவாரிப் பாதைக்குப் போய்விடுவார். ரேஸ் சைக்கிள் மாதிரியே வளைந்த ஹேண்டில், ஆனால் ஜல்லியிலும் மண்ணிலும் ஓடத் தடித்த டயர். ஆறு நாளும் ஜன்னல் இல்லாத கூடத்தில் நின்று வெட்டுகிறவருக்கு, கண் எட்டும் தூரம்வரை எதையாவது பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். ஏற்றத்தில் தொந்தரவு இல்லை. திரும்பி வருகையில் நான்கு கிலோமீட்டர் இறக்கம், அலை அலையாகக் கிடக்கும் பாதை, பிரேக்கை விடாமல் பிடித்த கை. முன்பெல்லாம் ராத்திரிக்குள் மரமரப்பு போய்விடும். இரண்டு மாதமாகத் திங்கட்கிழமையும் தொடர்ந்தது. உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்குகிறது, இப்படியே விட்டால் உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று மதியமே மனைவி தீர்ப்பு சொன்னாள். "இந்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை. ஹேண்டிலை மாத்துவீங்களோ, தலைகீழா உக்காந்து ஓட்டுவீங்களோ, எனக்குத் தெரியாது. சாயங்காலம் கண்ணைக் கட்டிட்டு மூணு துணி தருவேன். சுண்டுவிரலால தொட்டு என்ன துணின்னு சொல்லணும். முடியலைன்னா சைக்கிள் வீட்டைவிட்டுப் போகுது."

"அது போனா நானும் போறேன்."

"ரொம்ப நல்லது. வழித்துணைக்கு ஆளாச்சு."

சைக்கிள் கடைக்காரரை எல்லோரும் 'நட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். கழன்ற நட்டா, இறுகின நட்டா என்று கேட்டால், "வர்ற ஆளைப் பொறுத்து" என்பார். அவர் மாஸ்டரைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கையைப் பார்த்தார்.

"கீழ்ப்பிடில, அந்த வளைவோட அடில, மணிக்கட்டு ஒடிஞ்சு நிக்குது மாஸ்டர். ஃபிளேர் வச்ச ஹேண்டில் போட்டுப் பாருங்க. மேல குறுகலா இருக்கும், கீழ போகப்போக வெளிய விரியும். கை நேரா வரும்."

மாஸ்டர் முகம் மலர்ந்தது. ஃபிளேரா! பாவாடைக்கு ஃபிளேர் வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். பழைய ஹேண்டில் மேலும் கீழும் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். கீழே இன்னும் இரண்டு விரிந்தால் போதும் என்று கணக்குப் போட்டார்.

"நாப்பத்தி நாலு போடு."

"நாப்பத்தி நாலா? உங்க தோளுக்கு…"

"ஃபிளேரைப் பத்தி எனக்கே பாடமா?"

நட்டு சீட்டில் நாற்பத்தி நாலு என்று எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை புது ஹேண்டிலோடு வீட்டுக்கு ஓட்டிவந்தார். பத்து நிமிடத்தில் தோள்பட்டை இரண்டும் எரிந்தன. வாசல் கேட்டில் நுழைகையில் ஹேண்டிலின் முனை தூணில் இடித்தது. சத்தம் கேட்டு வந்த மனைவி, கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து ஹேண்டிலை அளந்தாள்.

"மேல நாப்பத்தி நாலு. கீழ அம்பத்தி ஒண்ணு. நீங்க என்ன அளவு சொன்னீங்க?"

"நாப்பத்தி நாலுதான்."

"எங்க நாப்பத்தி நாலு?"

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபிளேர் என்று சொல்லி ஓர் எண்ணைச் சொன்னால், தையல்காரன் காதில் அது பாட்டத்தின், அதாவது கீழ்விளிம்பின் அளவு. சைக்கிள்காரன் காதில் மேல்பிடியின் அளவு.

"பாவாடைக்கு ஆர்டர் கொடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை நட்டு போனில் சொன்னார்: "கழட்டி மாத்திடலாம் மாஸ்டர். உங்க தோளுக்கு நாப்பதுதான் சரி. ஆனா அதுலயே விரிவு மூணு விதம். பன்னெண்டு டிகிரி, பதினாறு, இருபத்தஞ்சு. நாலு மணிக்குள்ள சொல்லணும்."

"எது நல்லது?"

"விரிவு பத்தலைன்னா பழைய வலி. ஜாஸ்தியானா மேல்பிடில பிரேக் உள்பக்கம் சாஞ்சு, மணிக்கட்டு அங்க ஒடியும். உங்க கை உங்களுக்குத்தானே தெரியும்?"

தெரியாது என்பது நேற்று நிரூபணமாகியிருந்தது. மதியம் வேலை முடிந்து கூடம் காலியானதும் மாஸ்டர் கட்டிங் மேசைமேல் குனிந்து, ஓட்டுகிற மாதிரியே முன்னங்கைகளை நீட்டி, விரல்களைத் தளர்வாக முஷ்டி மடக்கினார்.

"கண்ணை மூடுங்க" என்றாள் மனைவி. "இல்லைன்னா வேணுங்கிற பக்கம் திருப்பிடுவீங்க."

ஒவ்வொரு முஷ்டிக்குள்ளும் ஒரு பென்சிலைச் செருகி, அது சாய்ந்த வாட்டத்தைச் சாக்பீஸால் மேசையில் கோடிழுத்தாள். கையை உதறச் சொன்னாள். மறுபடி வரைந்தாள். மூன்றாவது முறையும் உதறச் சொன்னாள்.

"எதுக்கு இத்தனை தடவை?"

"உங்க முதல் அளவை நம்பித்தானே அம்பத்தி ஒண்ணு வந்துச்சு?"

கோணமானியை வைத்துப் பார்த்தார்கள். பதினைந்து, பதினேழு, பதினாறு. மூன்றேமுக்காலுக்கு மாஸ்டர் நட்டுவைக் கூப்பிட்டுப் பதினாறு என்றார்; இருட்டுவதற்குள் ஹேண்டில் மாறியது.

ஞாயிற்றுக்கிழமை குவாரி உச்சியில் அவர் வழக்கமாகப் பார்க்கும் தூரத்தைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தார். கீழ்ப்பிடியைப் பிடித்து இறங்கினார். முதல் கிலோமீட்டரில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் சுண்டுவிரலில் எறும்பு ஊர்வது போலிருந்தது. மரக்கப் போகிறதா, அல்லது இத்தனை நாள் மரத்திருந்தது விழிக்கிறதா? யோசிக்கும்போதே வளைவில் ஒரு கல் லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஞாயிறன்று லாரி வராது என்று நம்பியிருந்தார். இரண்டு விரலால் பிரேக்கை இழுத்தார். பின்சக்கரம் வழுக்கியது. ஹேண்டில் கையைவிட்டுத் துள்ளவில்லை. லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

"யோவ், கல்லோட கல்லா உன்னையும் ஏத்திக்கவா?" என்று கத்தினார் டிரைவர்.

மாஸ்டர் சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. ஆனால் கிள்ளினால் வலிப்பதும் துணியை அறிவதும் ஒன்றல்ல.

மாலையில் மனைவி துண்டால் கண்ணைக் கட்டினாள். முதல் துணியை வைத்தாள்.

"பாப்ளின்."

இரண்டாவது.

"டிரில். கனமான டிரில்."

மூன்றாவது துணியில் விரல் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் தடவினார். நெற்றி வியர்த்தது.

"இதுவும் டிரில். சுத்தக் காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா, பிடிபடல."

"ரெண்டுல ஒண்ணுதானே. சொல்லிப் பாருங்க."

சைக்கிள் பக்கத்து அறையில் சுவரில் சாய்ந்திருந்தது. சொல்லிப் பார்க்கலாம்தான். பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"தெரியல" என்றார். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி பிடிச்சாத்தான் கத்தி விரலை வாங்கும்."

அவர் துண்டை அவிழ்த்தார். எதிரே மனைவி தன் கண்களை மூடிக்கொண்டு, அதே துணியைத் தன் சுண்டுவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியல" என்றாள். "துணில ஒட்டின சீட்டைப் பார்த்துத்தான் எடுத்து வந்தேன்."

"அப்போ சைக்கிள்?"

"இருக்கட்டும். ஆனா நாளைக்கு மதியம்வரைக்கும் நீங்க மெஷினைத் தொடக் கூடாது. மார்க்கிங் மட்டும். நான் வந்து விரலைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"கட்டிங் மேசையில செக்கிங்குக்கு என்ன வேலை?"

"வெட்டுறதுக்கு முன்னாடி பாக்குறதுதான் வேலை" என்றாள். "இத்தனை வருஷமா வெட்டின பிறகு பாத்தேன், அதுதான் தப்பு."