கராஜ் மேசையில் மருந்து

டெக்சாஸில் நான் இருக்கும் ஊரில் போதைப் பொருள் காய்ச்சவும் பயன்படும் ஒரு வகைச் சளி மாத்திரை வாங்க வேண்டுமென்றால் ஓட்டுநர் உரிமத்தை நீட்ட வேண்டும். அதை வாங்கிக் கணினியில் பதிந்து, இதற்கு மேல் தர முடியாது என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வது என் பிழைப்பு. நான் மருந்தாளுநர். வேலை முடிந்து நாலு கடை தள்ளிப் போனால், துப்பாக்கித் தோட்டாவில் அடைக்கும் வெடிமருந்து பறவைத் தீனிக்குப் பக்கத்து அலமாரியில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும். அதற்கு ஒரு கேள்வியும் கிடையாது. கல்லாப் பெண் சிரித்துக்கொண்டே பையில் போட்டுக் கொடுப்பாள். முதல் டப்பாவை வாங்கிய அன்று, போலீஸ் பின்னால் வருகிறதா என்று கார்க் கண்ணாடியைப் பார்த்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். சென்னைக்குப் பக்கத்தில் பட்டாபிராமில் பிறந்தவளுக்கு வேறு எப்படி வரத் தெரியும்?

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் நானும் கணவரும்தான். அவருக்கு கிரிக்கெட். எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு ரிக் தம்பதியோடு ஒரு சனிக்கிழமை குறி பார்த்துச் சுடும் மைதானத்துக்குப் போனேன். ஒப்புக்குப் போனவளுக்கு அது பிடித்துவிட்டது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்றான் ரிக். கார் நிறுத்தும் கராஜ் சுவரில் கனமான பலகையை முடுக்கி மேசையாக்கினோம். அதில் கையால் இழுக்கும் அழுத்துக் கருவி, சின்னத் தராசு, புனல், கூடுகளை நிறுத்தி வைக்க ஓட்டைத் தட்டு. ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் மேசைமேல் இருக்க வேண்டும், ஒரு வகை மருந்துக்கு இன்னொன்று மாறினால் ஆபத்து. என் மருந்துக் கடையிலும் இதே சட்டம்தான். அதனால் கை தானாகப் பழகிக்கொண்டது.

"இந்தியாவில் எல்லோரும் இதை வீட்டில் செய்வீர்களா?" என்று ரிக் கேட்டான். செய்தால் ஜெயில் என்றேன். நகைச்சுவை என்று நினைத்து முதுகில் தட்டிச் சிரித்தான். என் அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடங்கள் செய்யும் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தினமும் சாயங்காலம் வாசலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். ஒரு திருகாணிகூட வீட்டுக்கு வந்ததில்லை. இதையெல்லாம் ரிக்குக்கு எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது? நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோவில் கூப்பிட்டபோது கைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டேன். தராசு அவள் கண்ணில் பட்டது.

"இன்னாடி பண்ணிகினுகீற?"

"மருந்து அளக்கிறேம்மா."

"ஊட்டுலயுமா? கடையில செய்யறது பத்தாதா?"

நான் பொய் சொல்லவில்லை. தமிழில் வெடிமருந்துக்கும் மருந்து என்றுதான் பெயர். ஆனால் அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பது எனக்கு அந்த நொடியே தெரியும். திருத்தவில்லை. பெற்ற தாயிடம் தோட்டா என்ற சொல்லை உச்சரிக்க வெட்கமாக இருந்தது.

போன மாதம் விடுப்பில் பட்டாபிராம் போனேன். இறங்கிய மறுநாள் எங்கள் வீட்டில்தான் அன்பியக் கூட்டம், அதாவது எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபம். மதியமே எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்துவிட்டாள். அவள் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்கம்மா சொல்லிச்சு கண்ணு. டூட்டி முடிஞ்சி வந்தும், இல்லாதவங்களுக்கு ஊட்ல ஒக்காந்து மருந்து ரொப்புறியாமே. இந்தக் கைக்கு ஒரு கொறையும் வராது."

கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. 'இல்லாதவங்களுக்கு' என்பது அம்மா பெருமையில் சேர்த்துக்கொண்டது. எனக்குச் செத்துப் போய்விடலாம் போல இருந்தது.

அக்கா போனதும் சமையலறைக்குப் போனேன். அம்மா கூட்டத்துக்குச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா, நான் ரொப்புறது அந்த மருந்து இல்ல. தோட்டா மருந்து."

கரண்டி நின்றது. "யாரச் சுடப் போற?"

"யாரையும் இல்லம்மா. அட்டையில வட்டம் போட்டு வச்சிருப்பாங்க. அதைத்தான். வெளையாட்டு."

"வெளையாட்டா?" அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ரெண்டு வருசமா இந்தத் தெருவே ஒனக்கு ஜெபம் பண்ணுதுடி. அதெல்லாம் எங்க போய்ச் சேந்துச்சி?"

"எல்லார் கிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாத. ஸ்டெல்லா மனசு ஒடஞ்சிடும்."

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. வெளியே மின்ரயில் போகும்போதெல்லாம் பாட்டை நிறுத்திப் பிறகு தொடர்ந்தார்கள். விசுவாசிகள் மன்றாட்டு வந்தது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மகன் வேலைக்கு, மருமகள் பிரசவத்துக்கு, ஸ்டெல்லா அக்கா தன் கணவருக்கு. அம்மாவின் முறை வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். கதையை இன்னும் நீட்டுவாளோ, உடைத்துவிடுவாளோ என்று பயம்.

அம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். குரலில் நடுக்கம் இல்லை.

"எம் பொண்ணு கையால ரொப்புற மருந்து, எந்த ஊர்லயும், எந்த மனுசனுக்கும், ஒரு நாளும் தேவப்படாமலே போவட்டும். ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

யாருக்கும் நோய் வரக்கூடாது என்று வேண்டுகிறாள் என நினைத்து ஸ்டெல்லா அக்கா விசும்பினாள். கூடம் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

நானும் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.